கப்சாய் மோட்டாரில் கியரை எப்போது மாற்றுவது?

லிந்தாங் சாலைப் புதியவன்:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து லிந்தாங் போகும் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். சென்ற மாதம்தான் மோட்டார்சைக்கிள் ஓட்டுவதற்கான பி2 உரிமம் எடுத்தேன். அப்பா ஓட்டிய பழைய ஹோண்டா இஎக்ஸ்5, அதாவது கைக்கிளட்ச் இல்லாத சிறிய கப்சாய் மோட்டார்சைக்கிள், இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. பயிற்சியின்போது குறுகிய பாலத்தின் மேல் மெதுவாகப் போகக் கற்றுக்கொண்டேனே தவிர, மூன்றாவது கியரைத் தொடும் அளவுக்கு அந்தத் திடலில் இடமே இல்லை. காலையில் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறும்போது, நான்காவது கியரில் வண்டி நடுங்கித் திணறுகிறது. நேற்று மழைவிட்ட பிறகு இறக்கத்தில் நான்கிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று இறக்கியதில் பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நல்ல வேளையாக விழவில்லை. வேகமானியில் எந்த எண் வந்தால் எந்தக் கியர் என்று ஏதேனும் கணக்கு இருக்கிறதா?

பட்டறைக்காரர்:

தம்பி, கணக்கு இருக்கிறது. ஆனால் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஓட்டினால் மேட்டில் மாட்டிக்கொள்வீர்கள். சமதரையில் தனியாகப் போகும்போது, நான் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் இரண்டுக்கும், 25 அல்லது 30இல் மூன்றுக்கும், 40ஐத் தாண்டியதும் நான்குக்கும் மாற்றுவேன். பின்னால் ஆளோ அரிசி மூட்டையோ ஏறிவிட்டால் இவை எல்லாமே சற்றுத் தள்ளிப்போகும். ஏனென்றால், கியரை ஏற்றும் ஒவ்வொரு முறையும் இஞ்சினின் சுழற்சி குறைகிறது. சுமை இருக்கும்போது அந்தக் குறைந்த சுழற்சியில் இழுக்கும் வலு இந்த 100 சிசி வகை இஞ்சினுக்குக் கிடையாது.

அதனால் எண்ணைப் பார்ப்பதைவிட இஞ்சினையே கேட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்குங்கள். வண்டி உடனே முன்னால் இழுத்தால் கியர் சரியாக இருக்கிறது. முறுக்கியும் வேகம் கூடாமல், கால் வைக்கும் கம்பி வரை கடகடவென்று அதிர்ந்தால் ஒரு கியர் இறக்க வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது என்று பொருள். இஞ்சின் ஓலமிட்டும் வேகம் ஏறவில்லை என்றால் ஒரு கியர் ஏற்றலாம். நடுங்கும் கியரிலேயே முழுவதும் முறுக்கி மேடேறுவதுதான் எண்ணெய் மிச்சம் என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால்தான் என் பட்டறை நடக்கிறது.

நேற்று சறுக்கியதற்கு வேறு காரணம் உண்டு. கைக்கிளட்ச் இல்லாததால் இந்த மோட்டாரில் கிளட்சே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இரண்டு இருக்கின்றன. ஒன்று, சுழற்சி கூடும்போது எடைக்கட்டைகள் விரிந்து தானாகவே பிடித்துக்கொள்வது. முதல் கியரில் போட்டபடி நின்றாலும் இஞ்சின் அணையாமல் இருப்பது அதனால்தான். இன்னொன்றை இயக்குவது உங்கள் கால்தான்: கியர் மிதியை அழுத்தி வைத்திருக்கும் வரை அது விலகி நிற்கும், காலை எடுத்தால் பிடிக்கும். ஆகவே கியரை இறக்கும்போது குதிகாலால் மிதியை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரைச் சிறிதளவு முறுக்கி, பிறகு காலை மெல்ல விடுங்கள். அதே வேகத்தில் கீழ்க்கியரில் இஞ்சின் இன்னும் விரைவாகச் சுழன்றாக வேண்டும். நீங்கள் முறுக்கிக் கொடுக்காவிட்டால் பின்சக்கரம்தான் அதை இழுத்துச் சுழற்ற வேண்டியிருக்கும். ஈரச் செம்மண்ணில் அதற்குப் பிடிமானம் ஏது? அதோடு, நான்கிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுவில் மூன்றில் ஒரு கணமாவது காலை விட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியை:

அண்ணன் சொன்னதோடு இறக்கத்தைப் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் பதினோரு ஆண்டுகளாக இதே மாதிரியான பாதையில்தான் பள்ளிக்குப் போய்வருகிறேன். ஒரு மேட்டை ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில்தான் அதிலிருந்து இறங்க வேண்டும் என்பது என் வழக்கம். கியரை மாற்றும் வேலையை மேட்டுக்கும் இறக்கத்துக்கும் முன்பாக, தரை சமமாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பாதி வழியில் நினைவு வந்து மாற்றினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். பழைய இஎக்ஸ்5இல் முன்னும் பின்னும் டிரம் பிரேக் என்பதால், நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். என் கணவர் ஒரு காலத்தில் எண்ணெயை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி நியூட்ரலில் வண்டியை உருளவிட்டுக்கொண்டு வருவார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் எதிரே வந்த நாளோடு அந்தச் சிக்கனம் நின்றது.

கிளட்ச் மோட்டார்க்காரன்:

பின்னாளில் கைக்கிளட்ச் உள்ள மோட்டாருக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கப்சாயில் முன்மிதியை அழுத்தினால் கியர் ஏறும். கைக்கிளட்ச் மோட்டார்களில் பொதுவாக அழுத்தினால் இறங்கும், கால்விரலால் மேலே தூக்கினால்தான் ஏறும். நான் மாறிய முதல் வாரத்தில் ஏற்றுவதாக எண்ணி இறக்கி, சந்தைக்கு முன்னால் இஞ்சின் அலற, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி செய்தேன்.

லிந்தாங் சாலைப் புதியவன்:

மிக்க நன்றி. இன்று காலை மேட்டுக்கு முன்பே மூன்றுக்கு இறக்கிவிட்டு ஏறினேன். அம்மாவே "இன்றைக்கு வண்டி நடுங்கவில்லையே" என்றார். ஆனால் காலை எவ்வளவு மெல்ல விட்டாலும் ஒவ்வொரு கியரும் ஒரு குலுக்கலோடுதான் விழுகிறது. இதுவும் என் கால் தவறுதானா?

பட்டறைக்காரர்:

இல்லை, இது வண்டியின் பங்காக இருக்கலாம். முதலில் சங்கிலி தொங்குகிறதா என்று பாருங்கள். தளர்ந்த சங்கிலி ஒவ்வொரு மாற்றத்திலும் வெட்டி இழுக்கும். அது சரியாக இருந்தால், இஞ்சினின் வலப்பக்க மூடியில் நட்டு ஒன்றின் நடுவே திருகாணி தெரியும், அதுதான் கிளட்சைச் சரிசெய்யும் இடம். நட்டைத் தளர்த்தி, திருகாணியை வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு லேசாகத் தடுக்கும் வரை இடப்பக்கம் திருப்பி, அங்கிருந்து எட்டில் ஒரு பங்குச் சுற்று மட்டும் மறுபடி வலப்பக்கம் கொண்டுவந்து, திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். அதற்கு முன் இஞ்சின் எண்ணெய் அளவையும் பார்த்துவிடுங்கள்.