டிப்ரஷன் உள்ள மகளுக்கு மூளை ஸ்கேன் எடுத்தால் தற்கொலை எண்ணம் தெரியுமா?

கேள்வி:
மகளுக்கு 15 வயது. டிப்ரஷனுக்கு ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நான் இல்லாட்டி யாருக்கும் கஷ்டம் இருக்காது" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூளையின் இணைப்புகளே வேறு மாதிரி இருக்கும் என்று படித்தேன். எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடுமா? அவளிடமே கேட்டால் நானே அந்த எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடுமோ?

பதில் 1:
அக்கா, மூளை ஸ்கேன் ஆராய்ச்சிதான் என் வேலை. நீங்கள் படித்தது பொய்யில்லை. பிள்ளை ஸ்கேனருக்குள் சும்மா படுத்திருக்கும்போது எந்தெந்தப் பகுதிகளில் ரத்தத்தின் ஆக்சிஜன் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று கணக்கிடுவோம், அதைத்தான் இணைப்பு என்கிறோம். பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா, அதைக் கட்டுக்குள் வைக்கும் மூளையின் முன்பகுதி, தன்னைப் பற்றியே யோசிக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகள், இவற்றிலெல்லாம் வித்தியாசம் கண்ட ஆய்வுகள் உண்டு. ஆனால் அதெல்லாம் குழுவின் சராசரி, உங்கள் மகளைப் பற்றி எதுவும் சொல்லாது. பல ஆய்வுகளில் இருந்ததே சில டஜன் பிள்ளைகள்தான். மூளைக்கும் நடத்தைக்கும் இப்படித் தொடர்பு தேட ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று 2022-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையே காட்டியது. சாதாரண எம்ஆர்ஐ எடுத்தால் பெரும்பாலும் 'நார்மல்' என்றுதான் ரிப்போர்ட் வரும், அதை நம்பி நீங்கள் நிம்மதியாகிவிடக் கூடாது.

பதில் 2:
பள்ளி கவுன்சலர் நான். தாராளமாகக் கேளுங்கம்மா, கேட்பதால் எண்ணம் வராது, இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல் "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" என்றே கேட்கலாம். ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். அவள் எழுதிய அந்த வரியே போதும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், மாத்திரை ஆரம்பித்த முதல் வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் கூடுதல் கவனம் வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-லேயே எச்சரித்திருக்கிறது. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், தாத்தாவின் பிபி மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

பதில் 3:
பதினோராம் வகுப்பில் என்னிடம் இதைக் கேட்டது என் சித்தி. ஆமாம் என்றேன். அவர் அழவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை, எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம்தான் என்னால் பேச முடிந்தது.

கேள்வி கேட்டவர்:
டாக்டரிடம் பேசிவிட்டேன், சாயங்காலமே வரச் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் கேட்கப் போகிறேன்.