பட்டாசுச் சத்தத்துக்கு அஞ்சும் அம்மாவும், காணாமற்போன அண்ணனுக்கான திவசமும்: என்ன செய்வது?

கேள்வி (கொடுங்கையூர் மகள்):

வணக்கம். நாங்கள் 2006ஆம் ஆண்டு மன்னாரிலிருந்து படகில் அரிச்சல்முனைக்கு வந்து, மண்டபத்தில் பதிவு முடித்து, புழல் காவாங்கரை முகாமில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். வன்னியில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் எங்களோடு வரவில்லை. 2009 தொடக்கத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. இப்போது நான் இவ்வூர்க்காரரை மணந்து கொடுங்கையூரில் வசிக்கிறேன். அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்.

எங்கள் தெரு வழியாகச் சாவு ஊர்வலம் போகும்போது மேளத்தோடு சரவெடியும் வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். போன வாரம் அப்படிப் போன நேரத்தில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, வீடெங்கும் கேஸ் நாற்றம் பரவியிருந்தது. பிறகு எழுந்து வந்து, "யோசினைதான் பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினாலே பெரிது.

ஊரிலிருக்கும் மாமா, இத்தனை ஆண்டு கழிந்தபின் திவசம் கொடுத்துப் படத்துக்கு மாலை போட்டால்தான் அக்காவின் மனம் ஆறும் என்கிறார். அம்மாவோ ஒவ்வொரு இரவும் அண்ணனுக்கென்று ஒரு பிடி சோறு எடுத்து வைக்கிறார். காலையில் அதைக் காகத்துக்கு வைப்பதே இல்லை. நீராகாரமாகக் கரைத்துத் தாமே குடித்துவிடுகிறார். மருத்துவரிடம் போகலாம் என்றால், "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கா அனுப்பப் போறீங்கள்?" என்று கேட்கிறார். நான் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது?

பதில் (மனநலச் சமூகப் பணியாளர், தண்டையார்பேட்டை):

சகோதரி, முதலில் திவசத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். அந்தச் சோற்றைக் காகத்துக்கு வைக்காததிலேயே உங்கள் அம்மா தம் பதிலைச் சொல்லிவிட்டார். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், உடலும் செய்தியும் கிடைக்காத இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். இதில் துக்கம் முடிவுக்கு வராமல் நிற்பதற்குக் காரணம் அந்த மனிதரின் பலவீனம் அல்ல. நடந்தது என்னவென்று தெரியாத நிலைமையே காரணம். "ஒருவேளை இல்லாமல் போயிருக்கலாம், ஒருவேளை வரலாம்" என்ற இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டு வாழ உடனிருப்பதுதான் குடும்பம் செய்யக்கூடிய உதவி. இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனதாகச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவாகியுள்ளது. கிளிநொச்சியில் 2017 முதல் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். காத்திருப்பது தாம் மட்டுமல்ல என்று அம்மா அறிவதே ஓர் ஆறுதல்.

ஆனால் தூக்கமின்மையையும் அந்தத் திடுக்கிடலையும் காத்திருப்போடு சேர்த்து விட்டுவிடாதீர்கள். அவை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. ஸ்டான்லி போன்ற பொது மருத்துவமனையின் மனநல வெளிநோயாளர் பிரிவுக்கே போகலாம்; அங்கு போய்ப் பேசிவிட்டு அன்றே வீடு திரும்பலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். போகத் தயங்கினால், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் "மனநோய்" என்று தொடங்காமல், "யோசினை, தூக்கமில்லை" என்ற அவருடைய சொற்களிலேயே சொல்லுங்கள்.

வெடிச்சத்தம் கேட்கும்போது முதலில் அடுப்பை அணையுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து அவரை இழுக்காமல், பக்கத்தில் தரையில் அமர்ந்து, "இது கொடுங்கையூர், இது சாவு வெடி, பேத்தி இங்கேதான் இருக்கிறாள்" என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பதில் (வியாசர்பாடி பெரியவர்):

அம்மா, நாங்கள் பர்மாவிலிருந்து வந்தவர்கள். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 சாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய என் தகப்பனார் அந்தச் செல்லாத நோட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் வைத்து, சாகும் வரை மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்தார். எதற்கென்று நாங்கள் கேட்டதில்லை. அவர் பேசாமல் இருப்பது எங்கள் மேலுள்ள கோபத்தால்தான் என்றே பிள்ளைகளாகிய நாங்கள் வளர்ந்தோம். இன்றுவரை எனக்கு ஆறாத குறை அதுதான். அண்டை வீட்டு ரங்கூன்காரர்கள் மாலையில் கூடி அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் பிசையும்போது மட்டும், புளிக்கரைசல் போதுமா என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். ஆகவே உங்கள் மகளிடம் மறைக்காதீர்கள். அம்மம்மா ஏன் அவள் கையைப் பிடித்து இழுக்கிறார் என்பதை அவள் வயதுக்கேற்பச் சொல்லிவிடுங்கள்.

பதில் (முகாம் தன்னார்வலர்):

அக்கா, நானும் முகாமில் பிறந்தவள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இலங்கைத் தமிழர் முகாமில் நடத்திய தற்கொலைத் தடுப்பு ஆய்வில், முகாமைச் சேர்ந்தவர்களே பயிற்சி பெற்று, துயரத்தில் இருந்தவர்களைத் தொடர்ந்து சந்தித்தார்கள். மனம் உடையும் நேரத்தில் யாரிடம் போவது, என்ன செய்வது என்பதை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கும் அப்படி ஒன்று எழுதி வையுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021இல் அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியதில் எங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான். ஆனால் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. அம்மாவின் தூக்கத்தைக் கெடுப்பது பழைய குண்டுச்சத்தம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பேத்தியின் நாளையும் அதில் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. மாமாவிடம் திவசப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபமாகத்தான் இருக்கிறார். ஊர்வலம் கிளம்பும் முன் எனக்குப் போன் செய்வதாகத் தெருப் பையன்கள் ஒப்புக்கொண்டார்கள். மகளிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். "அடுப்பை நீ பார், பிள்ளையை நான் பார்க்கிறன்" என்றார். வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம். என் மாமியாரும் கூட வருவதாகச் சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தார்.