சபையில் பெண்கள் சத்தமாக ஆமென் சொல்லலாமா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் தரங்கம்பாடி லுத்தரன் வீட்டுப் பெண். அங்கே ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) சொல்லச் சொல்ல ஆண், பெண் எல்லாரும் சேர்ந்துதான் பதில் சொல்வோம். கல்யாணமாகி வந்த மயிலாடுதுறைப் பக்கத்துச் சின்ன சபையில், ஜெபம் முடிந்ததும் ஆண்கள் மட்டும்தான் ஆமென் சொல்கிறார்கள். போன வாரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், மாமி முக்காட்டுக்குள்ளிருந்தே தொடையில் கிள்ளினார்கள். (பாட்டுக்கு மட்டும் எங்கள் குரல் வேண்டுமாம்!)

சபை மூப்பர் காட்டுவது, பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்கிற 1 கொரிந்தியர் 14:34. ஆனால் முக்காட்டுக்குக் காட்டுகிற 11:5-லேயே பெண்கள் ஜெபம்பண்ணுவது வருகிறதே? நெகேமியா 8-ல் ஆண், பெண் கூடியிருந்த ஜனங்களெல்லாரும் ஆமென் என்கிறார்களே?

மூப்பர் நல்ல மனிதர், சண்டை வேண்டாம். உங்கள் சபையில் வழக்கம் என்ன? இதை நானே அவரிடம் கேட்கலாமா, இல்லை வீட்டுக்காரரைப் பேசச் சொல்வதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.