எஞ்சினைத் திரும்ப இறக்கியாச்சு, கப்ளிங்கைத் தரையிலேயே பூட்டிவிடலாமா?

ஏரிக்காற்று, ஸ்காபரோ

எங்களுடையது சி அண்ட் சி 27, ஒன்ராறியோ ஏரியில் ஓடும் பழைய பாய்ப்படகு. முந்தி வைத்திருந்தவர் அதிலிருந்த அட்டாமிக் 4 பெற்றோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு யான்மார் 2ஜிஎம்20 டீசல் பூட்டியிருந்தார். ரப்பர் மவுண்ட் நாலும் எண்ணெயில் ஊறி நசிந்து, கியரில் போட்டாலே கொக்பிட் முழுக்க அதிரும். அதனால் போன ஒக்டோபரில் படகு கரையேறியதும் கொக்பிட்டுக்கு மேலே மரச்சட்டம் கட்டி, செயின் புளொக்கில் எஞ்சினை வெளியே எடுத்து, குளிர்காலம் முழுக்க கராஜில் வைத்து வேலை பார்த்தேன். புது மவுண்ட், புது ஹோஸ், புது இம்பெல்லர், புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டுக்குப் புது பாக்கிங் எல்லாம் போட்டாச்சு.

இப்போது எஞ்சின் திரும்ப உள்ளே. எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் தட்டு இரண்டையும் கையால் சேர்த்துப் பார்த்தால் மேலே 0.25 மி.மீ. இடைவெளி, கீழே பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவே இல்லை. தரையிலேயே சரி பார்த்துப் பூட்டி இறக்கு என்கிறார் ஒருவர், தண்ணீரில் இறங்கும்வரை தொடாதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? கிளப்புக்குக் கிரேன் வருவது மே முதல் சனிக்கிழமை, அதைத் தவறவிட்டால் தனியாகக் கிரேன் பிடிக்கிற வசதி எனக்கு இல்லை.

பழைய டீசல், ஹமில்டன்

தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி. தரையில் கிட்டத்தட்டக் கொண்டுவந்து வையுங்கள், கடைசி அளவு தண்ணீரில். கரையில் படகைத் தாங்கும் கிரேடிலில் நிற்கும்போது படகின் பாரம் அடியிலுள்ள கீலிலும் கிரேடிலின் நாலைந்து தாங்கு பாட் மேலும்தான் இருக்கிறது, அந்த இடங்களில் ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் அமுங்கியே இருக்கும். தண்ணீரில் விட்டதும் தன் வடிவத்துக்குத் திரும்பும், பிறகு பாய்மரத்தை நிறுத்திப் பின்பக்க ஸ்டே கம்பியை இறுக்கினால் அது வேறு ஒரு வளைவு. ஆகவே மரம் ஏற்றி, கம்பிகளை இறுக்கி, ஒரு நாளாவது விட்டுவிட்டுத்தான் பீலர் கேஜை எடுக்க வேண்டும். கப்ளிங் விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது கணக்கு, 4 அங்குலக் கப்ளிங் என்றால் 0.1 மி.மீ. உங்கள் 0.25 அதைவிடக் கூடுதல்தான்.

அதுக்கு முன்னால் ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்று பார்த்தீர்களா? கப்ளிங்கைக் கழற்றியதும் அந்த முனை தன் பாரத்தால் கீழே தொங்கும், தொங்கிய ஷாஃப்ட்டுக்கு எஞ்சினைச் சரிபார்த்தால் எல்லாம் பிழை. ஷாஃப்ட்டை, அது வெளியே போகும் ஸ்டெர்ன் டியூபுக்கு நடுவில் வருகிறமாதிரி மரக்கட்டை வைத்துத் தாங்குங்கள், பிறகு எஞ்சினைத்தான் அதுக்கு ஏற்றபடி நகர்த்த வேண்டும். மேல், கீழ், இடம், வலம் நாலு இடத்திலும் அளந்துவிட்டு, ஷாஃப்ட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பித் திரும்ப அளக்கவும். இடைவெளி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட் வளைவு அல்லது கப்ளிங் முகம் கோணல், மவுண்டை எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை. அதே இடத்தில் நின்றால் எஞ்சின்தான். மேலே இடைவெளி கூடுதல் என்றால் எஞ்சினின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது, முன் மவுண்ட் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பூட்டு நட்டை இறுக்கும்போது எப்படியும் அசையும், இறுக்கிய பிறகு ஒருக்கால் அளக்காமல் விட வேண்டாம். புது ரப்பர் என்பதால் கொஞ்ச நாள் ஓடியதும் அமரும், கோடை நடுவில் திரும்பப் பாருங்கள்.

ஏரிக்காற்று, ஸ்காபரோ

நன்றி அண்ணை. ஷாஃப்ட்டைத் தாங்கவில்லை, அதை இன்றைக்கே பார்க்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம், கப்ளிங்கைப் பூட்டாமல் இறக்கினால் கிரேனடியில் இருந்து என் இடத்துக்கு எப்படிப் போவது?

கரைவலை, தூத்துக்குடி

பூட்டாமல் இறக்காதீங்க. ஷாஃப்ட் பின்னால் நழுவினால் புரொப்பல்லர் சுக்கானில் போய் முட்டும், இன்னும் நழுவினால் ஷாஃப்ட்டே வெளியே போய் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். தரையில் 0.15 அளவுக்குக் கொண்டுவந்து போல்ட்டைப் பூட்டிடுங்க, ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து மெதுவாக உங்கள் இடத்துக்குப் போகலாம், அந்தத் தூரத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் மரம் ஏற்றிக் கழற்றி அளக்கும்போது, ஷாஃப்ட்டில் கிளாண்டுக்கு முன்னால் ஒரு கிளாம்ப் கவ்வ வையுங்க. ஹமில்டன் அண்ணன் கயிறு கட்டி இழுக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன், கிரேன் நாளில் அங்கே யாருக்கு நேரம் இருக்கும்?

நான் இங்கே படகு டீசல்தான் பார்க்கிறேன், சைஸ் பெரிசு, சங்கதி ஒன்றுதான். கப்ளிங்கைவிட எனக்குப் பயம் முதல் ஸ்டார்ட்தான். குளிர்காலம் முழுக்கக் கழற்றிக் கிடந்த எஞ்சின், டீசல் லைன் பூரா காற்று இருக்கும், உடனே பிடிக்காது. பிடிக்கிறவரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பீங்க, அந்த நேரமெல்லாம் வாட்டர் பம்ப் தண்ணீரை எக்ஸாஸ்டுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் பிடித்தால்தான் அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்கும். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் தண்ணீர் சேரும் வாட்டர் லாக் டப்பா நிறைந்து, எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் வந்துவிடும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். அதனால் செல்ஃப் அடிக்கும்போது சீகாக் (வெளித் தண்ணீர் உள்ளே வரும் வால்வு) மூடியிருக்கணும், எஞ்சின் பிடித்த அந்த நொடியே திறந்து, பின்னால் தண்ணீர் கொட்டுதா என்று பார்க்கணும். மூடிய சீகாக்கை மறக்காமல் இருக்க சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டி வைப்பார்கள், நல்ல பழக்கம்.

ஏர் எடுக்க முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்ப் ஸ்க்ரூ, கடைசியாக இரண்டு நாசில் நட்டு. டீசலை ஏற்றும் லிஃப்ட் பம்ப் லீவர் கையில் லொடலொடவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டதாக நினைத்துப் புதுசு வாங்காதீங்க, கேம் உச்சியில் நிற்கும், எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பினால் லீவர் பிடிக்கும். ஸ்டாப் கேபிளை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே இழுத்து, பம்ப் லீவர் முழுசாகப் போகுதா என்று ஒரு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. சாவியை ஆஃப் பண்ணினால் அந்த எஞ்சின் நிற்காது.

பழைய டீசல், ஹமில்டன்

கயிறு கட்டித்தான் இழுக்கச் சொல்லியிருப்பேன், சரி, போல்ட் பூட்டி மெதுவாகப் போவதும் பரவாயில்லை. முடிந்தால் தரையிலேயே ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிவிடுங்கள், கிரேனடியில் பின்னால் பத்துப் படகு வரிசையில் நிற்கும்போது ஏர் எடுப்பது கொடுமை. தண்ணீர் உறிஞ்சும் ஹோஸை சீகாக்கில் இருந்து கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, வாளியைத் தோட்டக் குழாயால் நிரப்பிக்கொண்டே இருக்கலாம். குழாயை நேரே எஞ்சினில் செருக வேண்டாம், அழுத்தத்தில் தண்ணீர் தானே உள்ளே போய் தூத்துக்குடித் தம்பி சொன்ன கதைதான். செல்ஃப் அடிக்கும்போது வாளிக்கும் அதே விதி, பிடித்த பிறகு ஹோஸை உள்ளே விடுங்கள். கியரில் போட வேண்டாம், ஷாஃப்ட்டைத் தாங்கும் கட்லஸ் பேரிங்கின் ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

பாக்கிங்கை நட்டு கையால் இறுக்கும் அளவுக்கு மேலே கொஞ்சம் வைத்தால் காணும். தண்ணீரில் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் இறுக்கம் கூடிவிட்டது.

வடகாற்று, ஓக்வில்

எஞ்சின் ஆட்கள் வெளியே பார்க்க மறந்துவிடுவார்கள், அதனால் இதையும் போடுகிறேன். ஷாஃப்ட்டில் இருப்பது சிங்க் அனோடு (மற்ற உலோகம் அரிக்காமல் தான் அரிந்து காக்கும் துண்டு) என்றால் ஏரிக்கு அது சரிவராது, நன்னீரில் மேலே படலம் பிடித்துச் சும்மா கிடக்கும். மக்னீசியம் போடுங்கள். கட்லஸ் பேரிங்கை ஒட்டிப் போடாமல் இடைவெளி விடுங்கள், தண்ணீர் போக வழி வேண்டும். அனோடுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது.

அடியில் விசி17 (பாசி பிடிக்காமல் அடிக்கும் பெயின்ட்) அடித்திருந்தால் அதே பெயின்ட்தான் மேலே வர வேண்டும், அதன் மேல் வேறு வகைப் பெயின்ட் நிற்காது. சீக்கிரம் காய்வதால் கிரேடில் பாட் இருந்த இடங்களைப் படகு கிரேனின் சிலிங் பட்டையில் தொங்கும்போதே உருளையால் தேய்த்துவிடலாம், கலந்த டப்பாவைக் கையில் வைத்திருங்கள், கிரேன்காரர் அதுக்கு மேல் நிற்க மாட்டார்.

தண்ணீரைத் தொட்டதும் சிலிங்கைத் தளர்த்த விடாமல் உள்ளே இறங்குங்கள். டோர்ச்சோடு கிளாண்ட், ஒவ்வொரு சீகாக்கும் அதன் ஹோஸ் கிளிப்பும், வேக மீட்டர் செருகும் ஓட்டை. குளிர்காலத்துக்குக் கழற்றி வைத்த அந்த மீட்டரைத் திரும்பச் செருகாமல் படகை இறக்கும் ஆட்கள் ஒவ்வொரு வருசமும் உண்டு. எல்லாம் காய்ந்திருந்தால் மேலே வந்து கிரேன்காரருக்குக் கை காட்டுங்கள்.