ப்ராபகேஷனுக்குச் சொல் வேணும், வெள்ளிக்குள்ள (அண்டக்கதிர்)

வணக்கம். வெள்ளிக்கிழமை காலேஜ் பசங்களுக்குத் தமிழ்ல வகுப்பு. அண்டக்கதிர் (விண்வெளியிலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர்) எங்க பிறக்குது, பால்வெளிக்குள்ள எப்படி வருதுங்கிற மாடலிங். பிறப்பு சுலபம், சூப்பர்நோவா (நட்சத்திர வெடிப்பு) எச்சத்தோட அதிர்ச்சி அலைன்னு சொல்லிடலாம். மாட்டிக்கிட்டது 'ப்ராபகேஷன்'ல. பரவல்னா டிஸ்ட்ரிபியூஷனுக்கும் அதே சொல். டிஃப்யூஷனுக்கு விரவல் இருக்கு, ஆனா அது இதுல ஒரு பகுதிதான். காந்தப்புலத்துல சிக்கி கோணல்மாணலா அலைஞ்சு, வழியில வாயு அணுவுல மோதி கார்பன் உடைஞ்சு போரான் ஆகி, கடைசியில பால்வெளிய விட்டே தப்பிச்சுப் போறது வரைக்கும் எல்லாம் சேத்துதான் அந்தச் சொல்.

---
> அண்டக்கதிர்

முதல்ல இதைப் பேசுவோம் தம்பி. 1912ல இயற்பியலாளர் ஹெஸ் பலூன்ல ஏறி இந்தக் கதிரைப் பாத்தப்புறமும் ரொம்ப நாள் காமா கதிர்னே நினைச்சாங்க. இப்போ பத்துல ஒம்போது புரோட்டான்னு தெரியுது. துகளைப் போயி கதிர்ங்கலாமா?

---
ஐயா, நெற்கதிர்லயும் மணிமணியாத்தானே இருக்கு :)

கேட்டதுக்கு வரேன்: 'திரிதல்'. ஊர் ஊரா அலையறதும் திரிதல், பால் கெட்டுப்போறதும் திரிதல். நன்னூல் இலக்கணத்துல சொல் சேரும்போது எழுத்து மாறுற விகாரம் மூணையும் வச்சுப் பாருங்க. சூப்பர்நோவாவுல தோன்றல், கார்பன் போரானா திரிதல், கதிரியக்கப் பெரிலியம்-10 சுமார் 14 லட்சம் வருஷ அரை ஆயுள்ல சிதையறது கெடுதல். நன்னூல் எழுதின பவணந்தியே மாடல் போட்டு வச்சிருக்கார்.

---
> திரிதல்

திரிபுன்னா பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல ஸ்ட்ரெயின் (விசையால பொருள் உருமாறுற அளவு). பசங்களுக்குத் தகைவு-திரிபு வரைபடம்தான் ஞாபகம் வரும். அதோட 'சும்மா திரியாத'ன்னு வீட்ல திட்டு வாங்குனவங்கதான் பாதிப்பேர். பேசாம ப்ராபகேஷன்னே எழுதுங்க, ஆற்றல் கூடக்கூட போரான்-கார்பன் விகிதம் ஏன் குறையுதுன்னு புரிஞ்சா போதும்.

---
அதுக்குத்தாங்க சொல்றேன். ஆற்றல் அதிகமானது சீக்கிரம் தப்பிச்சிடும், அதனால கம்மியாத் திரியும், கம்மியாத் திரியும். ரெண்டு தடவை வந்தது டைப்போ இல்ல.

---
நாங்கள் யாழ்ப்பாணத்தில படிக்கேக்க ஒஸ்மோசிஸ் எண்டா பிரசாரணம். உங்கட சவ்வூடு பரவல் இண்டைக்குத்தான் விளங்கிச்சு. பரவல் ஏற்கெனவே களைச்சுப் போச்சு, அதை விடுங்கோ.

---
ஸ்லைடு அனுப்பிட்டேன், மன்னிக்கணும். தலைப்புல பரவல்தான். மூணாவது ஸ்லைடுல 'திரிதல்' அடைப்புக்குறிக்குள்ள இருக்கு.

---
> நெற்கதிர்லயும் மணிமணியாத்தானே

தாளோட நிக்கிற வரைக்கும்தான் தம்பி கதிர். மணி மட்டும் தனியாப் பறந்து வந்தா அதுக்குப் பேரு உதிரி.