‘வில்லா’வுக்குப் பொழில்மனை: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இத்தாலியக் கட்டடக்கலைச் சொற்பட்டியலில் ‘வில்லா’ என்ற பதிவுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: நாட்டுப்புற மாளிகை, கோடை மாளிகை, வில்லா என்றே ஒலிபெயர்த்துக்கொள்வது. முதல் இரண்டிலும் உள்ள ‘மாளிகை’ கட்டடத்தை மட்டும் நம் கண்முன் நிறுத்துகிறது. தோட்டம் அதன் பின்னால் எங்கோ ஒதுங்கிவிடுகிறது. மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பிரபுக்களும் கர்தினால்களும் நாட்டுப்புறத்தில் உருவாக்கியவற்றின் இயல்பு அதற்கு நேர்மாறானது என்பதால், சொல்லைத் தீர்மானிக்கும் முன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உரோமுக்கு வடக்கே, வித்தெர்போ நகரை அடுத்த பாஞ்ஞாயாவில் இருக்கும் வில்லா லாந்தேயை எடுத்துக்கொள்வோம். வித்தெர்போ ஆயர்களின் (பிஷப்புகளின்) வேட்டைக்காடாக இருந்து, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுற்றுச்சுவர் பெற்ற அந்த மலைச்சரிவை, 1566இல் அங்கே ஆயராக வந்த கர்தினால் ஜான்பிரான்செஸ்கோ கம்பாரா தம் கோடைக்கால உறைவிடமாக மாற்றத் தொடங்கினார். வடிவமைப்பு கட்டடக்கலைஞர் விக்னோலாவுடையது என்பது பரவலான கருத்து. இத்தகைய சரிவில் நடு அச்சின் மேல் ஒரு பெரிய வீடு நிற்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அங்கே அச்சு முழுவதும் நீருக்கு விடப்பட்டிருக்கிறது. வீடு இரண்டு சிறிய சதுரக் கட்டடங்களாகப் பிரிந்து, அச்சுக்கு இடமும் வலமுமாக விலகி நிற்கிறது. அவற்றுள் ஒன்றைக் கம்பாரா கட்டினார். அவர் 1587இல் இறந்த பின், திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துவின் உறவினரான இளம் கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ மொந்தால்தோ மற்றதைக் கட்டினார். அதிகாரமும் செல்வமும் மிகுந்த குடும்பத்திலிருந்து வந்த அவர், தம் பெயர் சொல்லும் பெருங்கட்டடம் ஒன்றை எழுப்பியிருக்கலாம். எழுப்பாமல், முன்னவரின் கட்டடத்துக்கு வெளித்தோற்றத்தில் இணையான ஒன்றையே கட்டியது, அந்த இடத்தின் தலைமை எதனிடம் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அடையாளமாகவே எனக்குத் தோன்றுகிறது. லாந்தே குடும்பத்தின் கைக்கு அது 1656இல்தான் வந்தது. இன்றைய பெயர் அதன் பிறகு ஏற்பட்டது.

மேலிருந்து கீழே நீர் செல்லும் வழியைப் பின்தொடர்ந்தால் இது இன்னும் தெளிவாகும். உச்சியில், பாசி படர்ந்த கரடுமுரடான பாறைக் குகையிலிருந்து நீர் கொட்டுகிறது. அதற்கு ஊழிவெள்ளத்தின் ஊற்று என்று பெயர். பிறகு அது எண்கோணத் தொட்டியொன்றில் தேங்கி, கல்லில் செதுக்கிய நீர்ச்சங்கிலி வழியாகச் சுருள் சுருளாக இறங்குகிறது. அந்தச் சங்கிலி ஓர் ஆற்று இறாலின் உறுப்புகளை நினைவூட்டும் வடிவில் அமைந்திருப்பது, இத்தாலிய மொழியில் இறாலைக் குறிக்கும் ‘காம்பெரோ’ என்ற சொல்லின் ஒலி கம்பாராவின் குடும்பப் பெயரோடு ஒத்துப்போவதாலும், அவர்களின் சின்னத்தில் அந்த உயிரி இடம்பெற்றதாலும் ஆகும். கீழே தீபர், அர்னோ என்ற இரு ஆறுகளின் உருவச்சிலைகள் சாய்ந்திருக்கும் ஊற்றைக் கடந்து, நீர் ஒரு நீண்ட கல்மேசையின் நடுவே வெட்டிய வாய்க்காலில் ஓடுகிறது. விருந்தின்போது பழமும் மதுவும் அதில் குளிர்ந்தன. பண்டைய உரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி தம் தஸ்கனி வில்லாவைப் பற்றி எழுதிய கடிதத்தில், சிறு படகு வடிவிலும் பறவை வடிவிலும் உள்ள தட்டுகள் தொட்டிநீரில் மிதந்துவந்த விருந்தை விவரித்திருக்கிறார். கம்பாராவின் மேசை அந்தப் பழைய உரோமானிய வழக்கத்துக்கு அளித்த மறுவாழ்வு. அங்கிருந்து நீர் இரு வீடுகளின் இடையே சரிவைக் கடந்து, கத்தரித்த பச்சைவேலிகள் சதுரம் சதுரமாக வகுத்த சமதளத்தை அடைந்து, கல்படகுகள் மிதப்பதுபோல் நிற்கும் நான்கு குளங்களில் அசைவற்றுத் தங்குகிறது. காட்டில் தான்தோன்றியாகப் பாய்ந்த நீர், மனிதக் கைபட்டு, இறுதியில் வடிவியல் ஒழுங்குக்குள் அடங்குகிறது. இந்தப் பயணத்தில் வீடு பாதையோரம் நிற்கும் இரு தூண்கள் அளவுக்குத்தான் இடம்பெறுகிறது.

திவோலியில் உள்ள வில்லா தெஸ்தேயில் வீடு பெரியது. ஆனாலும் முடிவு மாறுவதில்லை. 1550இல் திவோலியின் ஆளுநராக்கப்பட்ட கர்தினால் இரண்டாம் இப்போலிதோ தெஸ்தே, பழைய பெனடிக்டைன் மடம் ஒன்றைத் தம் உறைவிடமாக்கிக்கொண்டார். கட்டடக்கலைஞர் பிர்ரோ லிகோரியோவின் திட்டத்தில், அனியெனே ஆற்று நீரைக் கொண்டுவர நகரின் அடியில் ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடையப்பட்டது. நூறு ஊற்றுகளின் வரிசையும், விழும் நீர் உள்ளே அடைத்துத் தள்ளும் காற்றின் விசையால் ஒலிக்கும் நீர்இசைக்கருவியும் இயற்கையான சரிவால் மட்டுமே இயங்கின. 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதும் வீட்டையும் தோட்டத்தையும் ஒருசேரவே அறிவித்தது.

இத்தாலியரின் இன்றைய பேச்சுவழக்கும் இதற்குச் சான்று தருகிறது. உரோமில் ‘வில்லா போர்கேசே’ என்றால் அந்தப் பரந்த பூங்காதான். அதனுள் ஓவியங்களும் சிற்பங்களும் உள்ள கட்டடத்துக்கு வேறு பெயர். தென்னித்தாலிய ஊர்கள் பலவற்றில் நகராட்சிப் பூங்காவையே ‘வில்லா’ என்கிறார்கள். சொல் நிலத்தையும் சேர்த்துச் சுட்டுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

‘கோடை மாளிகை’யில் இன்னொரு குறையும் உண்டு. வெனிஸ் நகரைச் சூழ்ந்த வெனேதோ வட்டாரத்து வில்லாக்கள் ஓய்வுக்காக மட்டும் எழுந்தவை அல்ல. வெனிஸ் நகரப் பிரபுக்கள் கடல் வணிகத்தோடு நிலத்திலும் முதலிட்டு, சதுப்பை வடித்து, விளைச்சலை மேற்பார்வையிடத் தங்கிய இடங்கள் அவை. கட்டடக்கலைஞர் பல்லாடியோ அவர்களுக்காக வரைந்த திட்டங்களில், நடுவில் கோயில்முகப்பு கொண்ட வீடும், அதன் இருபுறமும் கருவிகளும் கால்நடைகளும் தங்கும் நீண்ட தாழ்வாரச் சிறகுகளும் ஒரே கட்டமைப்பாக இணைந்திருக்கும். மாசேரில் பார்பாரோ சகோதரர்களுக்கு அவர் கட்டிய வில்லாவில், வீட்டின் பின்புறத்து ஊற்றுநீர் முதலில் மீன்குளமாகி, பிறகு சமையலறைக்குப் பயன்பட்டு, தோட்டத்தை நனைத்து, இறுதியில் பழத்தோப்புக்குப் பாய்ந்தது என்று 1570இல் வெளியான தம் நூலில் பல்லாடியோவே எழுதியிருக்கிறார். அழகுக்கு வந்த நீர் உழவுக்கும் போகிறது. இதைக் கோடை என்ற ஒரு பருவத்துக்குள் அடைக்க முடியாது.

எனவே என் முன்மொழிவு ‘பொழில்மனை’. வேளாண்மை முதன்மையாக உள்ள வெனேதோ வகைக்குப் ‘பண்ணைமனை’ என்ற உட்பிரிவு தரலாம். வில்லா லாந்தேயில் உள்ளதுபோன்ற சிறிய உறைவிடக் கட்டடத்தை, இத்தாலியர் ‘காசினோ’ என்பதை, சூதாட்டக்கூடத்தோடு குழம்பாதபடி ‘சிறுமனை’ எனலாம்.

இரு மறுப்புகளை நானே எதிர்பார்க்கிறேன். மனை என்றால் இன்று விற்பனைக்குரிய காலி நிலம்தானே என்பது முதலாவது. தனித்து நிற்கும்போது அது உண்மை. ஆனால் அரண்மனை, மருத்துவமனை என்று கூட்டுச்சொல்லின் இறுதியில் வரும்போது யாரும் காலி நிலத்தை நினைப்பதில்லை. மேலும் மனை கட்டடத்தையும் அது நிற்கும் நிலத்தையும் ஒருங்கே குறிக்க வல்லது என்பது இங்கே நமக்குக் கிடைத்த நற்பேறு. பொழில் இயற்கையாக வளர்ந்த சோலையைக் குறிப்பதாயிற்றே, கத்தரித்த வடிவியல் தோட்டத்துக்குப் பொருந்துமா என்பது இரண்டாவது. இது வலுவான மறுப்பு. ஆயினும் வில்லா லாந்தேயில் ஒழுங்குபட்ட தோட்டத்தை ஒட்டியே மரக்காடும் விரிகிறது. இரண்டுக்கும் இடையிலான எதிர்நிலையே வடிவமைப்பின் உயிர் என்பதால், பொழில் என்ற சொல் பொருளுக்கு அயலாகிவிடவில்லை.

‘இலவந்திகை’யையும் எண்ணிப்பார்த்தேன். பாண்டியன் நன்மாறனின் அடைமொழியிலும் சிலப்பதிகாரத்திலும் வரும் இச்சொல்லுக்கு, எந்திர வாவியும் அதைச் சூழ்ந்த சோலையும் கொண்ட அரசர்க்குரிய இடம் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். நெருக்கம் வியப்பூட்டுகிறது. ஆனால் உறைவிடமும் விளைநிலமும் அதில் தெளிவாக இல்லை. பொது வாசகருக்கு அகராதி இன்றி விளங்கவும் விளங்காது. நீர்ப்பொறிகள் நிறைந்த தோட்டப்பகுதிக்கு மட்டும் அதை ஒதுக்கிவைப்பது சரியாக இருக்கும்.

மணிமேகலை இன்னொரு சொல்லைத் தருகிறது. நடைபாதையிலும் இருக்கைகளின் அடியிலும் மறைத்த குழாய்கள் திடீரெனப் பீய்ச்சி விருந்தினரை நனைக்கும் அமைப்பு இந்தத் தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. பிளாரன்சுக்கு அருகே பிரத்தோலீனோவில் மெடிச்சி குடும்பத்துக்காகக் கட்டடக்கலைஞர் புவொந்தலேந்தி அமைத்தவை அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றன. இதற்கு நம் பட்டியலில் ‘நீர் நகைச்சுவை’ என்று இருக்கிறது. அது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, செவிக்கு ஒட்டவில்லை. மணிமேகலையின் அரண்மனைப் பூங்கா வருணனையில் ‘கரப்பு நீர்க் கேணி’ வருகிறது. அந்தக் கரப்புநீரையே இங்கே எடுத்தாளலாம்.

மாளிகை என்ற சொல்லை நாம் இழக்க வேண்டியதில்லை. நகரத்துப் ‘பலாத்சோ’வுக்கும், கப்ரரோலாவில் ஊரையே காலடியில் நிறுத்தி ஓங்கி நிற்கும் ஃபர்னேசே குடும்பத்தின் ஐங்கோணக் கட்டடம் போன்றவற்றுக்கும் அதுவே பொருத்தம். இன்றைய வீட்டுமனைத் திட்டங்களில் விற்கப்படும் தனிவீடுகளுக்கு ‘வில்லா’ ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். அவை வேறு பொருள், வேறு பதிவு.

எஞ்சியிருப்பது, வீட்டை ஒட்டிச் சுவரெழுப்பிக் குடும்பத்தார் மட்டும் நுழையும்படி அமைத்த சிறு தோட்டம். ‘இரகசியத் தோட்டம்’ என்ற நேர்பெயர்ப்பு அங்கே ஏதோ மறைத்து வைத்திருப்பதாகத் தவறாக உணர்த்துவதால், ‘அகத்தோட்டம்’ என்று குறித்திருக்கிறேன். பொழில்மனையோடு இதையும் சேர்த்துக் கருத்துச் சொல்லுமாறு, குறிப்பாகத் தோட்டக்கலைப் பிரிவைப் பார்க்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.