480 கி.மீ. மண்பாதை, 6 நாள்: இந்தக் கணக்கு சரியாக வருமா?

கேள்வி

மலைக்காடும் மேய்ச்சல் நிலமும் கலந்த பகுதியில் 480 கி.மீ. சைக்கிள் பாதை ஒன்று வரைந்திருக்கிறேன். செயலி காட்டும் மொத்த ஏற்றம் 9,600 மீட்டர். 6 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 80 கி.மீ. தார்ச்சாலை மிகக் குறைவு. மீதி சரளை, வண்டித்தடம், இடையிடையே ஒற்றையடிப் பாதை. கூடாரம், அடுப்பு சேர்த்துச் சுமை 12 கிலோ. 29 அங்குலச் சக்கரம், 2.25 ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயர், முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 51. தார்ச்சாலையில் நாளுக்கு 120 கி.மீ. போக முடிகிறது என்பதால் 80 என்று வைத்தேன். இது சரியா? வரைபடத்தில் உள்ள கோடு நிஜத்தில் ஓட்டக்கூடிய பாதைதானா என்று கிளம்பும் முன்பே எப்படிப் பார்ப்பது?

பதில் 1

தார்ச்சாலைத் தூரத்தில் மூன்றில் இரண்டு என்று எடுக்கும் கணக்கு மண்பாதையில் நிற்காது. கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிநேரத்தில் கணக்குப் போடுங்கள்.

உங்கள் சுமையோடு, சமதளத்தில், நல்ல சரளையில் 15 கி.மீ. வேகம், கரடான வண்டித்தடத்தில் 10, ஒற்றையடிப் பாதையில் 6, தள்ளிக்கொண்டு போனால் 3. ஒரு நாளின் 80 கி.மீ.யை 30 சரளை, 35 வண்டித்தடம், 15 ஒற்றையடி என்று வைத்தால் 2 + 3½ + 2½ = 8 மணி. நாளுக்கு 1,600 மீட்டர் ஏற்றம். 600 மீட்டருக்கு 1 மணி வீதம் இன்னும் 2 மணி 40 நிமிடம். தண்ணீர் பிடிக்க, சாப்பிட, வாயிற்கதவு திறந்து மூட, வழி பார்க்க என்று இதில் கால் பங்கைக் கூட்டுங்கள்: 13 மணி 20 நிமிடம். ஒரு நாள் தாங்கலாம், தொடர்ந்து 6 நாள் தாங்காது. இறக்கத்தில் நேரத்தை மீட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். கரடான இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியேதான் வருவீர்கள்.

9,600 என்ற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். பல செயலிகளின் உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களால் ஆனது. செங்குத்துச் சரிவின் பக்கவாட்டில் கிட்டத்தட்டச் சமமாகப் போகும் பாதையில், கோடு ஒரு கட்டம் மேலே ஒரு கட்டம் கீழே விழுந்து, இல்லாத ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக் காட்டும். மொத்த ஏற்றத்தைவிடச் சரிவுதான் முக்கியம். 32–51 கியரில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் ஏறக்குறைய 5 கி.மீ. வேகம். உதிரிச் சரளையில் 12–15 விழுக்காட்டுக்கு மேல் போனால் கியர் இருந்தும் பின்சக்கரம் சறுக்கும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடங்களைத் தனியே குறித்து 3 கி.மீ. வேகத்தில் கணக்கிடுங்கள்.

பதில் 2

கோட்டைச் சரிபார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஒவ்வொரு துண்டின் குறிச்சொற்களையும் திறந்து பாருங்கள். வண்டித்தடத்துக்கு கிரேடு 1 முதல் 5 வரை உண்டு. 1 கெட்டியான தளம், 5 புல்லும் இளகிய மண்ணும். ஒற்றையடிப் பாதைக்கு எம்டிபி (மலைச் சைக்கிள்) அளவுகோல் 0-இல் தொடங்கும், எண் கூடக்கூடக் கடினம். சுமையோடு 2-க்கு மேல் என்றால் பெரும்பாலும் நடைதான். குறிச்சொல்லே இல்லாத துண்டுக்குச் செயலி தானாக ஒரு தளத்தை ஊகித்துக்கொள்ளும். ஏமாற்றம் அங்கேதான் வரும்.

பிறகு செயற்கைக்கோள் படம். இரண்டு சக்கரத் தடமும் தெளிவாகத் தெரிந்தால் வண்டி ஓடுகிறது. நடுவில் புல் வரி இருந்தால் எப்போதாவது ஓடுகிறது. தடங்களே மங்கி, கோடு புதருக்குள் கலந்தால் அந்தப் பாதை மூடிக்கொண்டிருக்கிறது. படம் எடுத்த தேதியைக் கட்டாயம் பாருங்கள். கோடையில் எடுத்த படத்தில் வறண்ட மணலாகத் தெரிவது மழைக்குப் பின் ஆறாக இருக்கும்.

ஸ்ட்ராவா செயலியில் பதிவான பயணங்களைத் தொகுத்து, அதிகம் பேர் போன வழியைப் பளிச்சென்று காட்டும் வெப்பவரைபடமும் உதவும், ஆனால் அது திசையைக் காட்டாது. பளிச்சென்று தெரியும் கோடு எல்லோரும் இறங்க மட்டும் பயன்படுத்தும் பாதையாக இருக்கலாம். நீங்கள் அதில் ஏற வேண்டியிருந்தால் முழுக்கத் தள்ளல்தான்.

அனுமதி தனி விஷயம். வரைபடத்தில் தடை என்று குறிக்கவில்லை என்பதற்காக அனுமதி இருப்பதாகாது. காடு, தனியார் நிலம் இரண்டுக்கும் பொறுப்பானவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

களிமண் துண்டுகளை வேறு நிறத்தில் தீட்டி வையுங்கள். நனைந்த களிமண் சில சுற்றிலேயே ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். அதோடு விடாமல் மிதித்தால் பின் டீரெய்லர் (கியர் மாற்றும் கருவி) சங்கிலியோடு இழுபட்டு, அதைச் சட்டகத்தில் தாங்கும் ஹேங்கர் முறியும். மழை பெய்தால் அந்தத் துண்டுக்கு மாற்றுவழி தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மண் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஹேங்கர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேறுபடும், வழியில் கிடைக்காது. ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன், 9 நாள் வருகிறது. இரண்டு இடங்களில் தண்ணீர் இடைவெளி 50 கி.மீ.யைத் தாண்டுகிறது. எவ்வளவு சுமப்பது? மின்சாரத்துக்குச் சக்கரம் சுழல்வதால் இயங்கும் டைனமோ போதுமா?

பதில் 3

தண்ணீருக்கும் மணிதான் கணக்கு. மிதமான வெயிலில் மணிக்கு முக்கால் லிட்டர். 50 கி.மீ. 7 மணி என்றால் 5¼ லிட்டர். இடையில் இரவு தங்கிச் சமைத்தால் இன்னும் 2. இரவு முகாமைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போடுவதைவிட, மாலையில் நிரப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் போடுவது நல்லது. மறுநாள் இடைவெளி சுருங்கும். வரைபடத்தில் உள்ள ஊற்றுகளை, உறுதி செய்யும்வரை, வறண்டவை என்றே எடுங்கள். வடிகட்டி பாக்டீரியா போன்ற கிருமியைத் தடுக்கும், வயலிலிருந்து கலந்த பூச்சிமருந்தைத் தடுக்காது. கலங்கல் தண்ணீரைத் தெளியவிட்டுத்தான் வடிகட்ட வேண்டும். குழல் இழை வடிகட்டி ஒருமுறை நனைந்தபின் உறைந்தால் இழைகள் வெடித்து வீணாகும். குளிர் இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

டைனமோவை மட்டும் நம்ப வேண்டாம். அதன் 3 வாட் ஏறக்குறைய 15 கி.மீ. வேகத்தில்தான் கிடைக்கும், உங்கள் சராசரியோ 7–8. 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 3.7 வோல்ட்டிலிருந்து 5-க்கு மாறும்போது உண்மையில் கிடைப்பது 6,000–6,500 தான். அப்படி இரண்டு எடுங்கள், வழியில் ஒரு இரவு மின்வசதி உள்ள இடத்தில் தங்குங்கள்.

கருவியில் ஏற்றும் பாதைக் கோப்பை (ஜிபிஎக்ஸ்) நாள்வாரியாக வெட்டுங்கள். நீளமான கோப்பைச் சில பழைய கருவிகள் பாதியில் துண்டித்துவிடும். புள்ளிகளை அளவுக்கு மீறிக் குறைத்தால் கொண்டை ஊசி வளைவுகள் நேர்கோடாகிவிடும், அதையும் கவனியுங்கள். கருவியில் தானாக வழி மாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு திருப்பம் தவறினாலே பெருஞ்சாலைக்கு இழுத்துக்கொண்டு போகும். 30–40 கி.மீ.க்கு ஒரு வெளியேறும் வழியையும் புள்ளியாகச் சேருங்கள்.

டயரில் புது சீலண்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்), சக்கரத்துக்கு 100 மி.லி. வால்வு நட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். குறடு போட்டு முடுக்கியிருந்தால் காட்டில் கழற்ற வராது, ட்யூப் மாட்டவும் முடியாது. ட்யூப் மாட்டும் முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்துப் பாருங்கள். சீலண்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் துணியில் மாட்டும். அவற்றைப் பிடுங்காமல் மாட்டினால் புது ட்யூப் உடனே பஞ்சர்.